மாக்கோழியும் கைப்பேசியும்

திரையில் தோன்றும் ஓர் உருவத்தைச் சுட்டு வீழ்த்துவது கொலையாகுமா? உயிரே இல்லாத ஒன்றை அழிப்பதில் ஹிம்சை உண்டா? இவ்வினா இன்று நம் இல்லங்களில் பிள்ளைகளின் வாயிலிருந்தே எழுகிறது. தசலக்ஷண பர்வ நாட்களில், “சுடுகிற விளையாட்டை ஆடாதே, அது ஹிம்சை” என்று பெரியவர்கள் சொன்னால், “அங்கே எந்த உயிரும் இல்லையே தாத்தா, பின் எப்படி ஹிம்சையாகும்?” என்று பேரப்பிள்ளை கேட்கிறான். இதை அதிகப்பிரசங்கம் என்று ஒதுக்கிவிடலாகாது. நாம் அளிக்கும் விடை பொருந்தாததாயின் அவன் விளையாட்டை விடப்போவதில்லை. அஹிம்சை என்னும் சொல்லின் மீதுதான் அவனுக்கு மதிப்புக் குறையும்.

நாங்கள் வாழும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். அவர் பெயரே மருவி ஊர்ப்பெயராயிற்று. தறியோசை கேட்ட ஊரில் 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ ரயில் நின்று செல்கிறது. நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் ஓயாது ஓடுகின்றன. பிள்ளைகள் ஓடியாட வெளியிடம் அரிது. ஆகவே மாடிப்படியிலும் வாசற்படியிலும் கைப்பேசியே அவர்களுக்கு விளையாட்டுத் திடலாகிவிட்டது. இந்நிலையில் அவர்களை மட்டும் குறை கூறுவது நீதியன்று. மேலும், ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் நோக்கித் தீர்ப்புரைப்பது அநேகாந்தம் போற்றும் நமக்கு ஒவ்வாது. எனவே அண்மையில் பிள்ளைகளின் துணையோடு இரண்டு விளையாட்டுகளை ஆடிப் பார்த்தேன். ‘மாங்கா’ எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகள் இரண்டையும் வலமிருந்து இடமாகப் புரட்டிப் படித்தேன். அவற்றால் எழுந்த எண்ணங்களை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

யசோதரன் காட்டும் வழி

இவ்வினா நமக்குப் புதிதன்று. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தின் உயிர்நிலையே இதுதான். அவந்தி நாட்டு மன்னன் யசோதரன் உயிர்ப்பலிக்கு இசையவில்லை; தாய் சந்திரமதியின் வற்புறுத்தலை முற்றிலும் மறுக்கவும் அவனால் இயலவில்லை. இரண்டுக்கும் நடுவே, மாவினால் கோழி ஒன்று செய்து அதைத் தேவிக்குப் பலியிட்டான். அம்மாக்கோழியில் குருதி இல்லை, வலி இல்லை, உயிர் இல்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, இறுதியில் கோழிகளாகவே பிறந்து மடிந்தனர். அதன் பின்னரே அபயருசி, அபயமதி என்னும் உடன்பிறப்புகளாக மானிடப் பிறவி எய்தினர்.

மாவுக்கு நேர்ந்த கொலைக்கு இத்துணைத் தண்டனையா என்று இளமையில் இக்கதையைக் கேட்ட எவரும் வியந்திருப்பர். விடை, ஹிம்சைக்கு நம் ஆசாரியர்கள் வகுத்த இலக்கணத்தில் இருக்கிறது. உயிருக்கு ஊறு நேர்வது திரவிய ஹிம்சை. விருப்பு, வெறுப்பு, சினம் முதலிய கஷாயங்கள் நெஞ்சில் எழுந்து ஆன்மாவின் தூய நிலையைக் கெடுப்பது பாவ ஹிம்சை. (இங்கே பாவம் என்பது தீவினையன்று, மனநிலை.) யசோதரனிடம் முன்னது இல்லை, பின்னது முழுமையாக இருந்தது. அவன் மாவை வெட்டும்போது, இது கோழியாகவே கொள்ளப்பட வேண்டும், உண்மைப் பலியின் பயன் எனக்குக் கிட்ட வேண்டும் என்று சங்கற்பித்தான். அந்தச் சங்கற்பமே வினையைக் கட்டியது.

இங்கே ஒரு தடையையும் எண்ண வேண்டும். நம் பாட்டிமார் தாயம் ஆடியபோது எதிரியின் காயை ‘வெட்டினார்கள்’. சதுரங்கத்தில் யானையும் குதிரையும் வெட்டுண்கின்றன. அவர்களை எவரும் கொலைவினை செய்தோர் என்று கூறியதில்லை, கூறுவது தகவுமன்று. காயை வெட்டியவர் மனத்தில் காய்தான் இருந்தது, உயிர் இல்லை. ஆகவே உருவத்தை அழிப்பது மட்டும் ஹிம்சையாகாது. அழிக்கும்போது உள்ளம் எதைக் கொல்கிறது என்பதே வினா.

பச்சைக் குருதி

நம் தெருப்பிள்ளைகள் மிகுதியும் ஆடுவது பி.ஜி.எம்.ஐ. என்னும் போர் விளையாட்டு. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, ஒருவரையொருவர் வீழ்த்தி, இறுதிவரை எஞ்சுவோர் வெல்வர். இதன் முந்தைய வடிவமாகிய பப்ஜி 2020 செப்டம்பரில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. 2021-இல் இந்தியாவுக்கென வெளிவந்த இப்பதிப்பில் குருதியின் செந்நிறம் பச்சையாக்கப்பட்டது. கொலை என்ற சொல்லுக்குப் பதிலாக ‘முடித்தல்’ என்னும் பொருள்படும் சொல் வைக்கப்பட்டது.

இதைக் கண்டதும் மாக்கோழியே நினைவுக்கு வந்தது. நிறத்தை மாற்றினர், பெயரை மாற்றினர். துப்பாக்கி ஏந்தியவன் கொண்ட குறி மாறவில்லை. எனினும், இதை ஆடுவோர் அனைவரும் யசோதரனே என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. உடன் ஆடிய சிறுவர்களைக் கவனித்தேன். ஒருவன் தன் தோழனைக் காக்க ஓடுவதிலும், மறைவிடம் தேடுவதிலுமே கருத்தாயிருந்தான். அவனுக்கு அது ஏறத்தாழத் தாயம். மற்றொருவன் வீழ்ந்தவனைக் கண்டு ஆர்ப்பரித்தான். தான் வீழ்ந்தபோது, முகமறியா எதிராளியை ஒலிவாங்கி வழியே இழிசொற்களால் வைதான். அந்த எதிராளி மாவன்று. எங்கோ ஓர் இல்லத்தில் அமர்ந்திருக்கும் மற்றொரு பிள்ளை. திரையில் நிகழ்ந்த மரணம் பொய். அவன் சினம் மெய். பிறர் துன்பத்தில் மகிழ்ந்து திளைப்பதை ரௌத்ர தியானத்தின் முதல் வகையாகிய ஹிம்ஸானந்தம் என்று நம் நூல்கள் கூறுகின்றன. ஒரே விளையாட்டு, ஒரே அரைமணி நேரம், வெவ்வேறு ஆஸ்ரவம்.

பெயர் எழுதும் ஏடு

மாங்காக்களுள் முதலில் படித்தது ‘டெத் நோட்’. ட்சுகுமி ஓபா கதை எழுத, தகேஷி ஒபாதா படம் வரைய, 2003 முதல் 2006 வரை தொடராக வந்தது. லைட் என்னும் மாணவனுக்கு ஓர் ஏடு கிடைக்கிறது. அதில் எவர் பெயரை எழுதினாலும் அவர் இறப்பார். ஆனால் எழுதும்போது அவர் முகம் எழுதுபவன் மனத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கையில் வாளில்லை, குருதி தெறிப்பதில்லை. குற்றவாளிகளை ஒழித்து உலகைத் திருத்துவதாகவே அவன் தொடங்குகிறான். பிறகு தன்னைத் தடுப்போர் அனைவரின் பெயரும் அவ்வேட்டுக்கு உரியனவாகின்றன.

நம் சாத்திரங்கள் கூறும் தந்துல மத்ஸ்யத்தை இது நினைவூட்டுகிறது. பெருமீனின் காதில் வாழும் அரிசியளவுச் சிறுமீன் அது. பெருமீனின் வாயினுள் புகுந்து தப்பிச் செல்லும் உயிர்களைக் கண்டு, ‘நானாயிருந்தால் ஒன்றையும் விடேன்’ என்று எண்ணிக்கொண்டே இருந்தது. ஓர் உயிரையும் அது தின்றதில்லை. ஆயினும் ஏழாம் நரகம் எய்தியது. லைட்டின் ஏடு கற்பனை. முகத்தை மனத்தில் நிறுத்தி ஒருவர் கெட வேண்டும் என்று எண்ணும் ஏடோ நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கிறது. சொத்துத் தகராறில் தம்பியின் முகம், அலுவலகத்தில் மேலாளரின் முகம், எதிர்வீட்டாரின் முகம்! இதில் பிள்ளைகளை விடப் பெரியவர்களாகிய நாமே மிகுதியாக எழுதுகிறோம்.

அறத்தை உணர்த்தும் ஆட்டம்

இரண்டாவதாக ஆடியது, டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் உருவாக்கி 2015-இல் வெளிவந்த ‘அண்டர்டேல்’ என்னும் கணினி விளையாட்டு. பாதாள உலகில் விழுந்த ஒரு குழந்தையை விசித்திரப் பிறவிகள் எதிர்க்கின்றன. ஆடுவோர் அவற்றைக் கொல்லலாம். அல்லது பேசியும் பொறுத்தும் இரக்கம் காட்டி விட்டுவிடலாம். ஒரு பிறவியையும் கொல்லாமல் ஆட்டத்தை நிறைவு செய்ய இயலும். ஆனால் அது எளிதன்று. எதிரியின் அடிகளைத் தாங்கி விலகிக்கொண்டே இருக்க வேண்டும்.

கொல்லக் கொல்ல இரண்டு எண்கள் உயரும். அவை அனுபவமும் தகுதியும் என்றே ஆடுவோர் கருதியிருப்பர். இறுதியில்தான் உண்மை உரைக்கப்படுகிறது: ஒன்று எத்துணைக் கொன்றாய் என்னும் கணக்கு, மற்றொன்று உன் நெஞ்சு எத்துணைக் கடினப்பட்டது என்னும் அளவு. மேலும், அனைத்தையும் கொன்று முடித்த ஒருவர் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, இம்முறை எவரையும் கொல்லாது முடித்தாலும், பழைய செயலின் கறை அந்த முடிவில் தலைகாட்டும். அழித்து எழுதினாலும் வினை அழிவதில்லை! கருமம் சத்தையில் நின்று காலம் வந்தபோது உதயமாகும் என்று நாம் பாடசாலையில் சொல்லிக்கொடுப்பதை, சமணம் அறியாத ஒருவர் ஆட்டமாகச் செய்து காட்டியிருக்கிறார்.

மகோதோ யுகிமுரா வரைந்து 2005 முதல் 2025 வரை தொடராக வந்த ‘வின்லாண்ட் சாகா’வும் இவ்வகையினதே. தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கும் வெறியிலேயே வளர்ந்த தோர்ஃபின் பலரைக் கொல்கிறான். பின்னர் அடிமையாக ஒரு பண்ணையில் காடு திருத்திக் கோதுமை விளைவிக்கிறான். அங்கே, தான் கொன்றவர்கள் கனவில் வந்து சூழ, இனி வன்முறை இல்லை என்று உறுதி பூணுகிறான். அரசனைச் சந்தித்துப் பேசும் உரிமைக்காக நூறு அடிகளைத் திருப்பித் தாக்காமல் ஏற்கும் இடம் உள்ளத்தை உருக்குவது. பரீஷஹ ஜயம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சித்திரத்தை ஓர் இளைஞனுக்குக் காட்ட இயலுமா என்று ஐயுற்றேன். முன்பகுதியின் கொலைக்காட்சிகள் கொடியனவே. எனவே சிறுவர்க்கு அன்று, வளர்ந்த பிள்ளைகளுக்கே அது உரியது.

அநர்த்த தண்டம்

இவற்றை எந்தக் கோலால் அளப்பது? சமந்தபத்திராசாரியாரின் ரத்னகரண்டகமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குக் கூறும் குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றித் தீவினை ஈட்டுவதைத் தவிர்ப்பதே அது. அதன் வகைகளுள் மூன்று இங்கே பொருந்தும். பிறர் கெட எண்ணுவது அபத்யானம். கஷாயங்களைக் கிளறும் கதைகளைக் கேட்பது துச்ருதி. நோக்கமின்றிப் பொழுதையும் பொருளையும் வீணாக்கித் திரிவது பிரமாதசரியை.

இம்மூன்றையும் வினாக்களாக்கிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ஆடும்போது எவர் மீதேனும் பகை எழுந்ததா? முடித்தபின் மனம் கலங்கியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா? எழ வேண்டும் என்று எண்ணிய நேரத்தில் எழ முடிந்ததா? மூன்றுக்கும் அவர்களே நேர்மையாக விடை காணட்டும். பணம் வைத்து ஆடுவது மட்டும் இவ்வாராய்ச்சிக்கும் உரியதன்று. அது சூது; ஏழு வியசனங்களுள் முதலாவது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைத் தடை செய்து சட்டம் இயற்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் அறவோர் விலக்கியது.

ஆகவே பேரப்பிள்ளையின் கேள்விக்கு நாம் சொல்லத்தக்க விடை இது: “திரையில் எந்த உயிரும் சாகவில்லை என்பது உண்மைதான் கண்ணா. ஆனால் திரைக்கு இப்பால் ஓர் உயிர் இருக்கிறது. அதற்கு என்ன நேர்கிறது என்று பார்.” இவ்விடையை அவன் ஏற்பான். அடுத்து, மாலைதோறும் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கெடுக்கச் சூழும் தொடர்களைப் பார்த்து, ‘அவள் நன்றாக அழட்டும்’ என்று மகிழும் நம்மையும் அதே மூன்று வினாக்களைக் கேட்பான். கேட்க வேண்டும். அதற்கு நாம் ஆயத்தமாக வேண்டும்.

வருகின்ற தசலக்ஷண பர்வத்தின் பத்து நாட்களிலும் பிள்ளைகள் போர் விளையாட்டையும் பெரியவர்கள் தொலைக்காட்சித் தொடரையும் ஒருங்கே நீக்கி, அந்தி வேளையில் இரண்டு நாழிகை சாமாயிகத்தில் அமர்வது எனக் குடும்பந்தோறும் முடிவு செய்வோமாக. கட்டளையாக அன்றி இருதரப்பாரும் ஏற்கும் விரதமாக அது அமையுமாயின், யசோதரன் கதையைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை எழாது. பிள்ளைகளே கேட்டுத் தெரிந்துகொள்வர்.