மனம் திரும்பினாற் போதுமா?

பாவத்தினின்றும் மனந்திரும்புங்கள் என்னும் அழைப்புடனேயே கிறிஸ்தவத்தின் வரலாறு தொடங்குகின்றது. யோர்தான் நதிக்கரையில் யோவான் ஸ்நானகன் எழுப்பிய குரலும் அதுவே. கலிலேயாவில் இயேசு தமது பணியைத் தொடங்கியபோது விடுத்த அழைப்பும் அதுவே. இவ்வழைப்பைக் கேட்டதும் நம்மிற் பலர் முகஞ்சுளிப்பதுண்டு. உழைப்பவனைப் பாவியென்று கூறித் தலைகுனிய வைக்கவும், அவனது வறுமைக்கு அவனையே பொறுப்பாளியாக்கவும் இது பலகாலம் பயன்பட்டு வந்திருப்பதை நாம் அறிவோம். எனினும், ஒரு கருத்து எவ்வாறு துஷ்பிரயோகம் செய்யப்பட்டது என்பதைக் கொண்டு மட்டும் அதனை எடைபோடுதல் முறையாகாது. அது பிறந்த இடத்தில் எதனைக் கேட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

லூக்காவின் சுவிசேஷத்தை எடுத்துக்கொள்வோம். தாங்கள் செய்யவேண்டியது யாது என்று மக்கள் யோவானை வினவுகின்றனர். அழுது புலம்புமாறு அவர் கூறவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கவேண்டும். வரி தண்டும் ஆயக்காரர் விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்கலாகாது. போர்ச்சேவகர் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்கலாகாது. இவையே அவரது விடைகள். எரிகோ நகரத்து ஆயக்காரர் தலைவனான சகேயுவும், தன் சொத்திற் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் உறுதி கூறுகின்றான். அதன் பின்னரே அவ்வீட்டிற்கு மீட்பு வந்ததாக இயேசு கூறுகின்றார். எபிரேய மொழியில் இக்கருத்தைச் சுட்டும் சொல்லின் பொருள் 'திரும்பி வருதல்' என்பதாகும். மனம் திரும்பியும், கையிலுள்ள பிறர் பொருள் உரியவரிடம் திரும்பாதிருப்பின், அதனைத் திரும்புதல் எனலாமா?

இவ்வினாவைத் தன் வாழ்க்கையாலேயே எதிர்கொண்ட ஒருவர் உளர். ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்தவரான பார்தொலொமே டி லாஸ் காசாஸ் 1502இல் கரீபியன் கடலிலுள்ள எஸ்பனியோலாத் தீவிற்கு வந்தார். அக்காலத்தில் அத்தீவுகளின் பூர்வீகக் குடிகளை ஸ்பானியக் குடியேறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் நிலவியது. அக்குடிகளுக்கு ஞானபோதனை அளிக்கவேண்டும் என்பது பங்கு பெற்றவனின் கடமை. அவன் அடைந்த பயனோ அவர்களது கூலியில்லா உழைப்பு. லாஸ் காசாசும் இத்தகைய பங்கினைப் பெற்றிருந்தார். குருவானவரான பின்னரும் அதனைக் கைவிட்டாரில்லை. 1511ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அந்தோனியோ டி மொந்தெசினோஸ் என்னும் டொமினிக்கன் சபைத் துறவி, இம்மக்களை எவ்வுரிமை கொண்டு வதைக்கின்றீர்கள் என்று பிரசங்க பீடத்தினின்று குடியேறிகளைக் கேட்டார். அச்சபைக் குரு ஒருவர், பூர்வீகக் குடிகளை வைத்திருந்த காரணத்தால் லாஸ் காசாசின் பாவசங்கீர்த்தனத்தை ஏற்க மறுத்ததுமுண்டு. அப்போதும் அவர் மனம் மாறவில்லை. கியூபாவைக் கைப்பற்றிய படையுடன் சென்று, படுகொலைகளைக் கண்ணாற் கண்டார். அங்கும் ஒரு பங்கினைப் பெற்றுக்கொண்டார்.

1514இல், பெந்தெகொஸ்தே திருநாட் பிரசங்கத்திற்காகச் சீராக்கின் ஞானநூலைப் படித்துக்கொண்டிருந்தபோது, அநியாயமாய்ச் சேர்த்த பொருளாற் செய்யும் காணிக்கையை இறைவன் ஏற்பதில்லை என்னும் பகுதி அவரைத் தடுத்து நிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆந் திகதி, தமக்குரிய குடிகளைத் தாம் கைவிடுவதாகப் பிரசங்கத்தில் அவர் பகிரங்கமாக அறிவித்தார்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். ஒருவர் விட்ட பங்கு வேறொருவரின் கைக்கே செல்லும். அமைப்பு மாறாதவரை தனிமனிதனின் மனமாற்றத்தாற் பயன் என்ன? லாஸ் காசாஸ் இதனை உணராதவரல்லர். தாம் கைவிடுவோர் கொடியவரிடம் சிக்குவர் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும், அக்குடிகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அவ்வமைப்பினை எதிர்த்துப் பேச அவருக்கு நாவெழாது. விட்டபின் அவர் ஓய்ந்திருக்கவுமில்லை. அவரும் அவரைப் போன்றோரும் ஓயாது வாதாடியதன் விளைவாக, புதிய பங்கீடுகளைத் தடைசெய்யும் சட்டங்கள் 1542இற் பிறந்தன. பெரு நாட்டுக் குடியேறிகள் ஆயுதமேந்தினர். பங்கினைப் பரம்பரைச் சொத்தாக்குவதற்கு எதிரான விதி 1545இல் இரத்துச் செய்யப்பட்டது.

சியாப்பாஸ் பகுதியின் மேற்றிராணியாரான பின்பு, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கென அவர் விதிகள் வகுத்தார். பங்கு வைத்திருப்பவன் மரணப்படுக்கையிற் கிடப்பினும், அடிமைகளை விடுவித்துப் பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதாக நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதிக் கொடுத்தாலன்றிப் பாவமன்னிப்பு அளிக்கலாகாது என்பது அவற்றின் சாரம். அவ்விதிகளின் பிரதிகளைப் பறிமுதல் செய்யுமாறு 1548இல் அரசு கட்டளையிட்டது. கண்ணீரால் எவ்வரசும் கலங்குவதில்லை. உறுதிப் பத்திரமே அதனைக் கலங்கச் செய்தது.

ஆயின் இம்மனிதரிடமும் ஒரு கறை உண்டு. பூர்வீகக் குடிகளின் சுமையைக் குறைக்கும் நோக்குடன், ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516இல் அவரே ஆலோசனை கூறினார். அவ்வியாபாரம் அவருக்கு முன்பே தொடங்கியிருந்தது என்பது உண்மை. அதனாற் குற்றம் குறைந்துவிடாது. ஆபிரிக்கரைச் சிறைப்பிடித்ததும் அதேயளவு அநீதியே என்று பிற்காலத்தில் அவர் உணர்ந்தார். தமது அறியாமை தெய்வ சந்நிதியில் தம்மைக் காக்குமோ என்னும் ஐயத்தையும் தாம் எழுதிய வரலாற்று நூலிற் பதித்துச் சென்றார். அவர் மறைந்தது 1566இல். அந்நூல் அச்சேறியதோ 1875இல். முதற்பாவத்தை அவர் கைவிட்டார். இரண்டாவதைக் கைவிட்டுத் திருத்த அவருக்கு வழியிருக்கவில்லை. ஓர் அநீதிக்கெதிராக முழுமூச்சுடன் போராடும்போதே இன்னோர் அநீதிக்கு நாம் துணைபோகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சமயிகளை நோக்கி மட்டும் இதனை நாம் கூறவில்லை. பாவம் என்னும் சொல்லை நம்மிற் பலர் கைவிட்டுள்ளோம். அதனுடன் பொறுப்பையும் கைவிட்டு விட்டோமா என்பதே நமது கவலை. கோவிலிற் கண்ணீர் விட்டுக் கடையிற் கள்ளநிறை நிறுப்பவனை நாம் எள்ளுகின்றோம். எல்லாவற்றிற்கும் சமுதாய அமைப்பே காரணம் என்று மேடையில் முழங்கிவிட்டு, நம் வீட்டிற் பாத்திரம் துலக்குபவருக்கு அரைக்கூலி கொடுப்போமாயின், நாமும் நமக்கு நாமே பாவமன்னிப்பு வழங்கிக் கொள்பவர்களே. அமைப்பு என்பது ஆகாயத்திலில்லை. அதில் நமக்கும் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கின்றது. அமைப்பை மாற்றும் போராட்டம் அப்பங்கினைக் கைவிடுவதற்கு ஈடாகாது. அப்பங்கினைக் கைவிடுதல் அப்போராட்டத்திற்கும் ஈடாகாது. இரண்டையும் ஒருங்கே கேட்பதாற்றான் மனந்திரும்புதல் என்னும் அந்தப் பழைய அழைப்பு, நம்பிக்கையற்றோராகிய நம்மையும் இன்று நிறுத்திக் கேள்வி கேட்கின்றது.