ஆகாரின் பிள்ளை அழுதபோது



ஆதியாகமத்தின் 16ஆம், 21ஆம் அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். பிள்ளையில்லாத சாராள், தன் அடிமைப் பெண் ஆகாரைக் கணவன் ஆபிரகாமுக்குக் கொடுத்து, அவள் மூலம் தனக்கொரு பிள்ளை வேண்டுமென்றாள். ஆகாரின் சம்மதத்தை எவரேனும் கேட்டதாக வேதாகமம் கூறவில்லை. இஸ்மவேல் பிறந்தான். பின்னர் சாராளுக்கே மகன் பிறந்ததும், ஆகாரும் பிள்ளையும் சிறிது அப்பத்துடனும் ஒரு துருத்தித் தண்ணீருடனும் வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டனர். தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை சாவதைக் காணச் சகியாத தாய், அவனைச் செடியின் கீழ் விட்டு எட்டப் போயிருந்து அழுதாள். ஆனால் இறைவன் பிள்ளையின் குரலைக் கேட்டார். இஸ்மவேல் என்ற பெயரின் பொருளே 'இறைவன் கேட்கிறார்' என்பதுதான்.

இதற்கு நெருங்கிய ஒன்று இன்று வைத்தியத்தின் உதவியோடு நடைபெறுகிறது. ஒரு தம்பதியருக்காக வேறொரு பெண் கருவைச் சுமந்து, பெற்று, ஒப்படைக்கிறாள். அவளை வாடகைத் தாய் என்கிறார்கள். வீட்டுக்கு வாடகை உண்டு. வண்டிக்கு வாடகை உண்டு. தாய்மைக்கும் வாடகை உண்டோ?

உலகச் சட்டங்கள் இதற்கு ஒரே விடை தரவில்லை. பிரித்தானியா 1985ல் இதனை வியாபாரமாக நடத்துவதைத் தடுத்தது. கலிபோர்னியாவில் பணம் கொடுத்துச் செய்யும் ஒப்பந்தத்தையும் சட்டம் ஏற்கிறது. பல ஆண்டுகள் அதற்கு இடங்கொடுத்த இந்தியா, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூலிக்குச் சுமப்பதைத் தடைசெய்தது. இத்தாலியோ 2024ல், தன் பிரசைகள் வெளிநாடு சென்று செய்தாலும் குற்றமே என்றது.

சட்டங்கள் ஒன்றோடொன்று மோதும்போது நடுவில் அகப்படுவது யார்? 2008ல் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், யப்பானியத் தம்பதியர் ஒருவருக்காக ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்குமுன்னரே அவர்கள் பிரிந்துவிட்டனர். மனைவி குழந்தையை ஏற்கவில்லை. தகப்பன் ஏற்க விரும்பியும், இரு நாட்டுச் சட்டங்களும் குறுக்கே நின்றன. கடவுச்சீட்டும் கிடைக்கவில்லை. அப்பம்மா வந்து பராமரித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, சில மாதங்களின் பின்னரே குழந்தை யப்பான் போய்ச் சேர்ந்தது. பெரியவர்கள் செய்த ஒப்பந்தத்துக்குப் பச்சைக் குழந்தை பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நல்ல நீதிபதிகள் இதனை உணர்ந்திருக்கிறார்கள். 1988ல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில உச்ச நீதிமன்றம், 10,000 டொலருக்குச் செய்த இத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்றது. எனினும் பிள்ளையின் நன்மை கருதி அதனைத் தகப்பனிடம் வளரவிட்டது. பெற்றவளின் தாய்மையையும் அழிக்கவில்லை. கலிபோர்னியாவில் இம்முறையில் பிறந்த இரட்டைப் பெண்பிள்ளைகளை அத்தம்பதியரின் பிள்ளைகளென ஏற்க பிரான்ஸ் மறுத்தபோது, 2014ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் என்ன தீர்த்தது? மீறப்பட்டது பெரியவர்களின் உரிமையன்று, பிள்ளைகளின் உரிமையே என்றது.

திருச்சபையின் போதனையும் இவ்விரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987ல் வெளியிட்ட அறிவுறுத்தல் வாடகைத் தாய் முறையை ஏற்கவில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2024 சனவரியில், உலகெங்கும் இது தடைசெய்யப்பட வேண்டுமென்றார். பிள்ளை இறைவனின் கொடை; ஒப்பந்தப் பொருளன்று. ஏழைப் பெண்ணின் வயிறும் பிறருக்குக் கருவியன்று. ஆயினும் எவ்வழியில் பிறந்தாலும், ஒவ்வொரு பிள்ளையையும் இறைவனின் உயிருள்ள கொடையாக ஏற்று அன்போடு வளர்க்க வேண்டுமென்று அதே 1987ஆம் ஆண்டு அறிவுறுத்தல் போதிக்கிறது. ஒப்பந்தம் செல்லாததாகலாம், பிள்ளை ஒருபோதும் செல்லாததாகாது.

பிரியமானவர்களே, நம்மையும் சோதித்துப் பார்ப்போம். பிள்ளைப்பேறற்ற மனைவியிடம், கலியாண வீட்டிலும் கோவில் திருநாளிலும், "இன்னும் ஒன்றுமில்லையோ?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்! மலடி என்ற சொல் நம் நாவிலிருந்து போய்விட்டதா? சாராளை அந்த வழிக்குத் தள்ளியதில் அவளுடைய கண்ணீருக்கும் பங்குண்டு. அக்கண்ணீரைத் துடையாதவர்கள், அவள் செய்த பிழையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நியாயமன்று. நாளை இப்படிப் பிறந்த பிள்ளை ஒன்று நமது ஞானஸ்நானத் தொட்டியருகே கொண்டுவரப்பட்டால், பின் வாங்கில் இருந்து குசுகுசுக்க வேண்டாம். அதன் பெயரைக் கேளுங்கள்; அதற்காகச் செபியுங்கள்.

ஆகாரைக் கண்டவரும், அவள் பிள்ளையின் குரலைக் கேட்டவருமான இறைவன், நமக்கும் காணும் கண்களையும் கேட்கும் செவிகளையும் தந்தருள்வாராக. ஆமென்.