செம்பின் நிறமும் களிம்பின் தொன்மையும்

மங்கல நாள்களில் ஆலத்தி சுற்றுதற்கு மஞ்சள் கரைத்த நீரிற் சிறிது சுண்ணாம்பு கூட்டுவர். கூட்டிய அளவிலே மஞ்சள் நிறம் குருதிச் செம்மையாய் மாறும். அந்நீரில் எலுமிச்சஞ்சாறு பிழியின் செம்மை நீங்கி மஞ்சளே மீளும். நாடோறும் காண்பார்க்கு இஃது ஒரு வியப்பன்று. ஆயினும் அச்செம்மை மஞ்சளினின்றும் வந்ததோ, வெண்சுண்ணத்தினின்றும் வந்ததோ என வினாவின், இரண்டன்கண்ணும் அது முன்னர்க் காணப்பட்டிலது. இரசாயன நூலார், மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருளின் ஐதரசன் கூற்றைச் சுண்ணாம்பின் காரம் கவர்தலால், அப்பொருள் உட்கொள்ளும் ஒளி வேறுபட்டுக் கண்ணுக்கு எஞ்சி வரும் ஒளியும் வேறுபடுகின்றது என்பர். புளிப்பு அக்கூற்றை மீளக் கொடுக்கப் பழைய நிறம் தோன்றும்.

நிறவேறுபாடு எல்லாம் இவ்வாறு பொருள் வேறுபடுதலான் நிகழ்வன அல்ல. செம்பருத்தியின் அருகிருந்த படிகம் சிவந்து தோன்றும். படிகத்தில் ஓரணுவும் மாறியதில்லை. பொன்னை மிக நுண்ணிய துகளாக்கி நீரில் விரவச் செய்யின் அந்நீர் மாணிக்கம் போற் சிவக்கும் என்பதனை மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1857-ஆம் ஆண்டில் ஆராய்ந்து காட்டினார். ஆண்டும் பொன் பொன்னே; துகளின் அளவே வேறு. ஆகலின் நிறம் மாறியது கொண்டே பொருள் மாறியதெனத் துணிதல் கூடாது.

இவ்வாராய்ச்சி சைவர்க்கு எற்றுக்கெனின், உயிரின் இயல்பு உணர்த்தப் புகுந்த மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துள் படிகத்தையும், செம்பிற் களிம்பையும் எடுத்துக்காட்டினார். படிகத்தின்கண் இடர்ப்பாடு இல்லை. சார்ந்ததன் வண்ணமாய்த் தோன்றியும் தன்னியல்பு திரியாமைக்கு அதனினும் சிறந்த உவமை காண்டல் அரிது. இடர்ப்பாடு களிம்பின்கண்ணது.

இக்காலத்து மாணவர் வினாவுவது இது: “களிம்பு செம்போடு தொன்றுதொட்டு உள்ளதன்றே. துலக்கிய செம்பைப் பிராணவாயுவும் ஈரமும் கரியமிலவாயுவும் பற்ற, அது முதலிற் கருத்துப் பின்னர்ப் பசுக்கின்றது. நியூயார்க்குத் துறைமுகத்தில் 1886-இல் நிறுவிய சுதந்திரதேவி சிலை செந்நிறத்தோடு நின்று, சில பத்தாண்டுகளிலேயே முழுதும் பசுமையாயிற்று. பிறந்த காலம் அறியப்படும் களிம்பு அநாதியாகிய ஆணவத்திற்கு உவமையாதல் யாங்ஙனம்?” ‘உவமை ஒருபுடை ஒப்புமையே’ என்று சொல்லி அவரை வாயடைத்தல் எளிது. நம்மவருட் பலர் அதுவே செய்கின்றனர். வினாவோ நேர்மையானது, அதற்கு அது விடையாகாது.

துலக்கிய குடத்திலிருந்து தொடங்கியதே இவ்வினாவின் குறை. அக்குடத்துச் செம்பு எங்கிருந்து வந்தது? அருகிச் சிலவிடங்களிற் செம்பு தனித்துக் கிடைப்பினும், நிலத்தினுள் அது பெரும்பாலும் பிறவற்றோடு கூடியே கிடக்கின்றது. கந்தகத்தோடும் இரும்போடும் கூடியது ஒரு கல். மாலகைட்டு என்னும் பச்சைக்கல் மற்றொன்று. ஈரக்காற்றிற் செம்பின்மேற் படரும் பசுங்களிம்பும் இப்பச்சைக்கல்லும் இரசாயன முறையான் ஒரு பொருளே. கடற்காற்றிலும் நகரப்புகையிலும் உண்டாகும் களிம்புகளுக்கு ஒத்த கற்களும் சுரங்கங்களில் உள. தூய மாலகைட்டு 100 பங்கில் ஏறத்தாழ 57 பங்கு செம்பேயாம். அங்ஙனமாகவும், கண்ணுக்குச் செம்மையின் சாயலும் அதன்கண் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பொருள் தான் இருப்பதே தோன்றாவாறு மறைந்து கிடக்கின்றது.

அக்கல்லை உலையிலிட நீரும் கரியமிலவாயுவும் நீங்கிக் கருநிறமாம். கரியோடு கூட்டி மேலும் வெப்பம் ஊட்டப் பிராணவாயுவும் நீங்கி, முதன்முறையாகச் செம்மை வெளிப்படும். மக்கள் இவ்வினையை அறிந்து ஏறத்தாழ 7000 ஆண்டுகள் ஆயின. செம்பு தானே தன் பச்சையை உதறிற்றில்லை. உலையும் கரியும் உருக்குவோனும் வேண்டியிருந்தன என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. எனவே குடத்தின்மேல் இன்று கண்ட களிம்பு புதியதோர் வரவன்று; உலையில் நீங்கிய பழைய கூட்டு, இடம் வாய்த்துழி மீள வந்ததேயாம். துலக்கிய செம்மையே அவ்வுலோகத்தின் வரலாற்றிற் பிந்தியது. களிம்பைத் தொன்மையது என்ற ஆசிரியர் கூற்று இவ்வாற்றான் வலியுறுகின்றது.

ஆயினும் இதனை அளவிறந்து இழுத்தல் ஆகாது. செம்பு தன் கூறு சிலவற்றை இழந்தே களிம்பாகின்றது. புளியிட்டுத் துலக்குந்தோறும் களிம்பான செம்பு கரைந்து நீரோடு போகும். குடமும் மெலியும். உயிர் மலத்தால் மறைக்கப்படுவதன்றித் தேய்வதன்று. ஆண்டு உவமை நின்றொழியும். இனி, குளிகை பட்ட செம்பு பொன்னாம் என்னும் உவமையோ இரசாயனத்தால் நிலைபெறாது. செம்பணுவைப் பொன்னணுவாக்கும் மருந்து ஒன்றும் இல்லை. அது முன்னையோர் உலகவழக்குப் பற்றிக் கூறியது. களிம்புவமைக்கு வாய்த்த துணையை அதற்கும் நீட்டற்க.