தகுதியைக் கேட்கிற உரிமை யாருக்கு?

'தகுதி' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உடம்பு எரியும். 1990இல் மண்டல் பரிந்துரைக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்கள் கையில் வைத்திருந்த ஆயுதமே இந்தச் சொல்தான். ஆகவே, வெளிநாட்டில் சமூகப்பணி படித்தவரின் பட்டம் எங்கள் நாட்டில் செல்லுமா என்று ஒரு பதிவு மன்றம் எடைபோடுவதைக் கண்டால், 'இதுவும் அந்தப் பழைய வேலைதானே' என்று நம் தோழர்கள் சொல்வது இயல்பு. நான் அப்படி நினைக்கவில்லை.

சமூகப்பணியாளர் யார்? அந்த நாடுகளில் அவர் வீட்டுக்குள் நுழைந்து, இந்தத் தாயிடம் இந்தப் பிள்ளை இருக்கலாமா கூடாதா என்று அறிக்கை எழுதுகிறவர். அதை வைத்துப் பிள்ளையைப் பிரிக்க முடியும். இப்பேர்ப்பட்ட அதிகாரத்தைக் கையில் வாங்குகிறவரைப் பார்த்து, நீ என்ன படித்தாய், தப்பு செய்தால் உன்மேல் யாரிடம் முறையிடுவது என்று கேட்காமல் விடுவதுதான் அநியாயம். கேட்காமல் விட்டால் அடிபடுவது ஏழை வீடுதான். இங்கிலாந்தில் 2005 முதல், பதிவு இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நியூசிலாந்தில் 2021 பிப்ரவரி 27 முதல் பதிவு கட்டாயம்.

நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் உள்நாட்டுப் பட்டத்துக்குச் சமானமா என்று பார்ப்பதோடு அது நிற்கவில்லை. அந்த மண்ணின் மக்களான மாவோரிகளோடு வேலை செய்யும் திறன் உனக்கு உண்டா என்றும் கேட்கிறது. உள்ளூரில் படித்தவருக்கும் இதே கேள்விதான்.

இது சும்மா வந்த கேள்வி அல்ல. நல்லது செய்கிறோம் என்று சொல்லியே மாவோரிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து இல்லங்களில் அடைத்தார்கள். 1950 முதல் 1999 வரை அந்த இல்லங்களில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஆணையம் 2024இல் இறுதி அறிக்கை கொடுத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழுவின் அறிக்கை 1988இல் வெளியாகி, சமூகநலத் துறைக்குள்ளேயே இனவெறி குடியிருப்பதை முகத்துக்கு நேரே சொன்னது. 'விடியல்' என்று பொருள்படும் மாவோரிச் சொல்தான் அதன் பெயர். அடிபட்ட மக்கள் வாய் திறந்த பிறகுதான் அந்தக் கேள்வி சட்டத்துக்குள் நுழைந்தது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கே எம்.எஸ்.டபிள்யூ. முடித்து அங்கே விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சேரியைக் களப்பணிக் குறிப்பேட்டில் மட்டுமே அறிந்த ஓர் ஆதிக்க சாதிக்காரரிடம், 'மாவோரியோடு வேலை செய்யத் தெரியுமா?' என்று அந்த நாடு கேட்கும். 'சேரி ஜனங்களோடு வேலை செய்யத் தெரியுமா?' என்று இங்கே அவரைக் கேட்கச் சட்டம் இல்லை. மருத்துவமனை, மனநலச் சமூகப்பணியாளர்கள் 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள். மற்ற எல்லோருக்குமான தேசியப் பதிவு மன்றம் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி, மலக்குழி இறங்குகிறவர்களின் குடும்பங்களோடு எட்டு வருஷம் வேலை செய்தவள். வெளிநாட்டுப் பதிவுக்காக, வேலை பார்த்த நிறுவனத்தில் ஓர் அனுபவக் கடிதம் கேட்டாள். ஆறு மாசம் இழுத்தடித்தார்கள். "எங்க தெருவுக்கு வாரம் ரெண்டு நாள் வந்து எழுதிட்டுப் போனாங்களே, அதுக்குப் பேரு களப்பணியாம்க்கா. நா அங்கயே பொறந்தேன். அது ஒரு மணி நேரமாக்கூட கணக்குல வராது" என்றாள்.

கடல் தாண்டிய மன்றம் நம்புவது இங்கிருந்து போகிற காகிதத்தை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற விரலுக்குச் சாதி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதே 2003 சட்டத்தின் 13ஆம் பிரிவு, பட்டம் இல்லாவிட்டாலும் அனுபவத்தைப் பார்த்துப் பதிவு செய்ய வழி வைத்தது. மனமிருந்தால் வாழ்க்கையையும் எடைபோட முடியும் என்பதற்கு அது சாட்சி.

பட்டத்தை ஏற்பது வேறு, ஆளை ஏற்பது வேறு. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார் அம்பேத்கர். அவருடைய படிப்பை சமஸ்தானம் ஒப்புக்கொண்டது. தங்க ஓர் அறையை அந்த ஊர் கொடுக்கவில்லை.

ஆகவே தகுதி கேட்பதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. அந்த வேலை யார்மேல் நடக்கிறதோ அவர்களே கேள்வியை எழுத வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க முடியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், குழியில் புருஷனைப் பறிகொடுத்தவள், காட்டிலிருந்து விரட்டப்பட்டவர் — இவர்களுக்குத் தெரியும், தங்கள் வீட்டுக்குள் வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று. நாளைக்கு இந்த நாட்டிலும் அப்படியொரு மன்றம் வரலாம். அதன் நாற்காலிகளில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை இப்போதே கேட்டு வைப்போம்.