நன்மை செய்த பின்னர்

நன்மை செய்தவனுடைய கடமை, அதைச் செய்து முடித்ததோடு தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும், பலனைத் துருவிப் பார்ப்பது சிறுமை என்பாரும் உளர். நம்மவரிடையே இக்கொள்கைக்கு மதிப்பு அதிகம். ஆயினும் வைத்திய சாஸ்திரத்தின் ஒரு பகுதியை நோக்குமிடத்து அது நிலைபெறுமென்று எனக்குத் தோன்றவில்லை.

பிறவியிலேயே இருதயத்திற் குறையுள்ள சில குழந்தைகளின் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்வதில்லை. உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும். 1944-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில், ஹெலன் டாசிக் அம்மையாரின் யோசனையை ஏற்று, ஆல்பிரட் பிளேலாக் என்னும் ரணவைத்தியர் அத்தகைய குழந்தையொன்றின் கைக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுரையீரற் குழாயோடு இணைத்தார். அவர் பின்னால் நின்று வழி கூறியவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்து உதவியாளர். அம்முறையை நாய்களிடம் செய்து செய்து கைதேர்ந்தவர் அவரே. புகழோ அவருக்கு நெடுங்காலம் எட்டவில்லை. அன்று தொடங்கி எத்தனையோ குழந்தைகளின் நீலம் மாறிற்று.

நீலம் மாறியதும் பெற்றோர் கைகூப்புவர். கதை முடிந்ததென்று கேட்போர் எண்ணுவர். ஆனால் இத்தகைய சிகிச்சைகளுக்குப் பின் தைத்த இடம் சுருங்கலாம். பிள்ளை வளர்ந்தும் குழாய் அதற்கேற்ப வளராதிருக்கலாம். ஒரு பக்கத்து நுரையீரலுக்கு இரத்தம் குறைந்தால், மறுபக்கம் அதன் பங்கையும் ஏற்றுக்கொள்ளும். பிள்ளை ஓடும், விளையாடும். பால் நிறுவை மொத்தத்திற் சரியாயிருக்க, ஒரு நிரை மட்டும் வற்றிக் கிடப்பதுண்டு என்பதைத் தோட்டத்துக் கிராணிமார் அறிவர். மொத்தக் கணக்கைப்போல் மறைக்கவல்லது வேறொன்றில்லை.

மறைந்ததைக் காண வைத்தியர் ஒரு வழி கண்டனர். டெக்னீஷியம் என்னும் கதிர்வீசும் பொருளை ஆல்புமின் துகள்களில் ஏற்றி இரத்தத்திற் செலுத்துவர். துகள்கள் நுரையீரலின் நுண்குழாய்களிற் சிறிது நேரம் தங்கும். எப்பக்கம் எவ்வளவு இரத்தம் சென்றதோ, அவ்வளவு கதிர் அப்பக்கத்திலிருந்து வெளிப்படும். அதற்கென அமைந்த காமிரா அதை எண்ணிக் காட்டும். சாதாரணமாக வலப்பக்கம் நூற்றுக்கு 55, இடப்பக்கம் 45 அளவில் இருக்கும்.

இதிலும் ஒரு நுட்பமுண்டு. பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் ஃபிரான்சிஸ் ஃபோந்தான் 1968-ல் தொடங்கிய முறையும் அதன் வழிவந்தவையும், உடலின் அசுத்த இரத்தத்தை இருதயத்தின் தள்ளுதலின்றி நேரே நுரையீரலுக்கு அனுப்புவன. இத்தகைய பிள்ளைக்குக் கையில் ஊசியிட்டால் மேலுடம்பின் இரத்தம் செல்லும் வழியே தெரியும். காலில் இட்டாற் கீழுடம்பின் வழி தெரியும். கையில் மட்டும் ஊசியிட்டு எடுத்த படம் பொய்யன்று. ஆயினும் அதை முழு மெய்யெனக் கொள்வது தவறு. தனக்கு இசைவான இடத்தில் மட்டும் விசாரித்துவிட்டு, ‘என் காரியம் நன்றாயிற்று’ என்று உறங்குவோர் வைத்தியரல்லாதாரிலும் பலர்.

நன்றாயிருக்கும் பிள்ளையை ஏன் கதிருக்கு உள்ளாக்க வேண்டும், தாயை ஏன் கலக்க வேண்டும் என்று கேட்கலாம். இது அற்பமான ஆட்சேபமன்று. கண்ட குறைக்குப் பரிகாரமே இல்லையெனில் படம் பயத்தைத்தான் பெருக்கும். ஆனால் குறுகிய குழாயை, மெல்லிய குழல்வழி சிறு பலூனைச் செலுத்தி விரிக்கப் பல சமயம் இன்று இயலும். இயலும்போதும் பாராதிருந்து, பின்னர் விதியின்மேற் பழிபோடுவதை இரக்கமென்று எப்படிச் சொல்வது?

கதிரின்றிக் காந்தத்தால் இரத்த ஓட்டத்தை அளக்கும் முறையும் இப்போதுண்டு. அதற்குப் பிள்ளை நெடுநேரம் அசையாது கிடக்க வேண்டும். சிறு குழந்தையாயின் மயக்க மருந்து தேவைப்படலாம். இவ்விரண்டில் எது, எப்போது என்பதைத் தாய்க்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைத்து, அவள் கேட்பதற்கெல்லாம் விடை கூறிய பின்னரே படம் எடுக்க வேண்டும்.