பார்வையும் ஹிம்சையும்

மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருந்த கௌசிகன் என்னும் பிராமணன், தன்மேல் எச்சமிட்ட கொக்கைச் சினந்து நோக்க, அந்தப் பார்வையின் வெம்மையிலேயே அது உயிரற்று வீழ்ந்தது; பின்னர் அவன், ஒரு குடும்பப் பெண்ணின் சொற்படி மிதிலைக்குச் சென்று, இறைச்சி விற்கும் தர்மவியாதனிடம் தர்மம் கேட்டான். மகாபாரதத்தின் வன பர்வத்துக் கதை இது. புனே நகரத்துப் பண்டார்க்கர் ஆராய்ச்சி நிலையத்தார் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவேற்றிய மகாபாரத ஆய்வுப் பதிப்பை நினைக்குந்தோறும், அதே நகரத்து மருத்துவமனைகளில் இருதயத்தின்மேல் விழுகிற வேறொரு பார்வை என் சிந்தையில் எழுகிறது.

முதுமையில் சுண்ணாம்பு படிந்து இறுகிய பெருந்தமனி வால்வுக்குள், மார்பைப் பிளக்காமல், தொடை இரத்தநாளத்தின் வழியே புதிய வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தும் சிகிச்சையை, 2002-இல் பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரில் அலென் கிரிபியே முதன்முதலாகச் செய்து காட்டினார். இருதயத்தைக் கண்ணால் நேரே காணாமல் செய்யும் காரியமாதலால், வால்வின் வளையம் எத்தனை மில்லிமீட்டர், இருதயத்துக்கு இரத்தம் தரும் தமனிகளின் வாய் எவ்வளவு உயரத்தில் உள்ளது, தொடைத் தமனி குழாய்க்கு இடங்கொடுக்குமா என்பனவற்றையெல்லாம் சி.டி. ஸ்கேன் முன்னதாகவே சொல்லியாக வேண்டும். ஆனால் அது எக்ஸ் கதிரின் பார்வை; அதற்குத் துணையாக இரத்தத்தில் ஏற்றப்படும் அயோடின் மருந்தோ, முதியவரின் தளர்ந்த சிறுநீரகத்தை வருத்தக்கூடியது. காக்க வந்த பார்வையும் சிறிது சுடவே செய்கிறது.

ஹிம்சை கலவாத அறிவு உண்டா? கலப்பை மண்ணுள் வாழும் ஜீவன்களைக் கொல்கிறது, நடப்பவன் பாதமும் கொல்கிறது, அகிம்சையை விரதமாகக் கொண்ட துறவியும் ஹிம்சை செய்யாமல் இல்லை, அவனுடைய முயற்சியால் அது குறைகிறது என்பதே தர்மவியாதன் தந்த விடை.

அந்த முயற்சியின் வடிவமாகவே குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனை நான் காண்கிறேன். எக்ஸ் கதிர்க் குழாயின் மின்னழுத்தத்தை வழக்கமான 120 கிலோவோல்ட்டிலிருந்து 100 அல்லது 80 ஆகத் தாழ்த்தினால் கதிர் குறைகிறது. அயோடினும் அப்போது அதிகப் பிரகாசமாகத் தெரிவதால், மருந்தின் அளவையும் குறைக்கலாம். ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது அகிம்சையாகாது. பருத்த உடலில் படம் மங்கி, வளையத்தின் அளவு பிழைபட்டால், சிறிய வால்வு ஓரத்தில் கசியும். பெரியது வளையத்தையே கிழித்துவிடலாம். எண்பது வயதினருக்கு, என்றோ வரக்கூடிய கதிரின் தீங்கைவிட, நாளையே வரக்கூடிய சிறுநீரகத் தீங்கு பெரிது. இளையவருக்கோ கணக்கு மாறும். எந்தத் தீங்கை, எவருக்கு, எவ்வளவு குறைப்பது என்று ஆளுக்கு ஆள் ஆராய்வதில்தான் தர்மத்தின் நுட்பம் இருக்கிறது.

ஆகையால், ஸ்கேன் அறையின் வாயிலில் காத்திருக்கும் உறவினரே, சிறுநீரகப் பரிசோதனை ஆயிற்றா, இந்த உடலுக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு கதிர் போதும் என்று மருத்துவரைப் பணிவோடு கேளுங்கள்; அக்கேள்வியும் அகிம்சையில் ஒரு பங்கே.