ஒரு சாண் தூரம்

போர் விளையாட்டுக்கான பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசுவதை இளமையில் விட்டுவிட்டு, நடுவயதில் அதற்குத் திரும்புகிறவர்கள் இங்கிலாந்தில் உண்டு. திரும்பியதும் அவர்கள் தொடங்குவது வர்ணப் பரிசோதனையில். 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மை ஒன்றை எடுத்து, அடிப்பூச்சு கொடுத்து, கோட்டுக்கு ஒரு நீலம், அது சரிப்படாவிட்டால் இன்னொரு நீலம் என்று பூசிப் பார்க்கிறார்கள். இவ்வளவு சிரத்தையும் பகடை உருண்டதும் சாகப் போகிறவனுக்கு. இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. கொலையை அழகாக்குவது குற்றமா என்ற பழைய கேள்வி இங்கே ஒரு மேஜையளவுக்குச் சுருங்கி, அதனாலேயே தெளிவாகத் தெரிகிறது.

அரசியலை அழகியலாக்கும் முயற்சிகள் எல்லாம் யுத்தத்தில் போய்த்தான் முடியும் என்று வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளிவந்த கட்டுரையில் வாதிட்டார். அவர் மனதில் இருந்தது யுத்தமே அழகு என்று அறிவித்த மாரினெட்டி. பொம்மைக்காரனையும் அந்தக் கூண்டில் ஏற்றலாமா? ஏற்றக் காரணம் உண்டு. நிஜச் சேனைகள் களத்தில் வர்ணத்தைக் கைவிட்டு நூறாண்டாகிறது. 1884இல் புகையில்லா வெடிமருந்து வந்தது. துப்பாக்கி எட்டும் தூரம் வளர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிறவன் சாகிறவன் என்றாயிற்று. பிரிட்டிஷ் ராணுவம் 1902இல் உள்நாட்டிலும் காக்கிக்கு மாறியது. பிரெஞ்சுக் காலாட்படை 1914இலும் சிவப்புக் காற்சட்டையோடு போய்ச் செத்தது. மேஜையிலோ நெப்போலியன் காலத்து நீலமும் சிவப்பும் மண் படாமல், ரத்தம் படாமல் நிற்கின்றன. இது பொய்தான்.

ஆனால் அழகு என்று பொதுவாகப் பேசிப் பயனில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்க வேண்டும். இத்தனை சிறிய உருவத்தில் இயற்கை வெளிச்சம் போதிய நிழலைத் தருவதில்லை; நிழலையும் பூசியாக வேண்டும். நீர்த்த கருவர்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டு, மேடான இடங்களை வெளிறச் செய்கிறார்கள். இது ஒரு சாண் தூரத்தில் நடக்கும் வேலை. அந்தத் தூரத்தில் முகம் இருக்கிறது. கண்ணுக்குப் புள்ளி வைப்பதா விடுவதா என்பது நிஜமான பிரச்னை. வர்ணத் திட்டம் முடிவாகும்போது இன்னொரு தூரம் உள்ளே வருகிறது. பொம்மையைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, கூட்டத்தில் எடுபடுமா என்று பார்க்கிறார்கள். அது தளபதியின் தூரம். அங்கே முகம் இல்லை, பட்டாலியன் இருக்கிறது. பரிசோதனைக்கு நின்றவன் ஒருவன், பின்னால் வரும் 39 பேர் அவனுடைய நகல்கள். சீருடை என்பது அடிப்படையில் இந்த முடிவுதான்.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதினார். பொம்மை யுத்தம் நிஜ யுத்தத்துக்கு மாற்றாகட்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. மறுவருஷமே, எல்லா யுத்தங்களையும் முடித்துவைக்கும் யுத்தம் என்று சொல்லி, ஜெர்மனியுடனான போரை ஆதரித்தார். அவர் ஆடியது கடையில் வர்ணத்தோடு விற்ற ஈயச் சிப்பாய்களை வைத்து. அந்த ஆட்டத்தில் தளபதியின் தூரம் ஒன்றுதான் இருந்தது. இதையே காரணம் என்று சொல்ல மாட்டேன். பொம்மையே தொடாத கோடிப் பேர் அந்த யுத்தத்தை ஆதரித்தார்கள்.

வர்ணம் பூசுவதால் ஒருவன் உத்தமனாகிவிடுவதில்லை. அவனுக்கு இரண்டு தூரமும் தெரியும், அவ்வளவே. இரு தரப்புப் படைகளையும் தானே பூசுகிறவனுக்கு எதிரியின் பொத்தானுக்கும் அதே நேரம் ஆகிறது. பிறகு அதே விரல்கள் பகடையை உருட்டுகின்றன. விழுந்தவனை ஓரத்தில் எடுத்து வைக்கும்போது வர்ணம் உரியாமல் பதனமாகப் பிடிக்கிறான். அந்தப் பதனம் ஆளுக்கா, வர்ணத்துக்கா? வர்ணத்துக்கு என்றால் பெஞ்சமினின் குற்றச்சாட்டு நிற்கிறது. ஒரு சாணிலிருந்து எல்லோரும்தான் பின்வாங்குகிறோம். அப்படிப் பின்வாங்காமல் எந்தப் படையையும் பார்க்கவே முடியாது. பின்வாங்கியதை மறந்துவிடுகிற இடத்தில் அழகு குற்றமாகிறது.